யப்பானில் படித்த ஜேர்மன்

சுவிஸ் நாட்டு லுசேர்ணில் தாதியர் பாடசாலையில் சேர்ந்த முதல் நாள், எங்கள் வகுப்புக்குப் பொறுப்பாயிருந்த கன்னியாஸ்திரி ஒவ்வொருவரையும் எழுப்பித் தன்னைப் பற்றி நாலு வசனம் சொல்லச் சொன்னார். அந்த வகுப்பில் வெளிநாட்டுக்காரி நான் ஒருத்திதான். என் முறை வந்ததும் எழுந்து, இடுப்பை வளைத்துக் குனிந்து நிமிர்ந்துவிட்டு, பாடமாக்கி வைத்திருந்த நாலு வசனத்தையும் சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. இந்த ஜேர்மனை எங்கே படித்தாய் என்று கேட்டார்.

"யப்பானில்" என்றேன்.

கேள்வி எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து அவர் இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகத் திரும்பக் கேட்டார். நானும் மெதுவாக, சத்தமாக அதையே திரும்பச் சொன்னேன். இப்போது முழு வகுப்பும் சிரித்தது. சுவரில் தொங்கிய உலகப் படத்தில் இலங்கையைத் தொட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். யப்பானைக் காட்டச் சொன்னார். அதையும் காட்டினேன். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

நான் சொன்னது உண்மை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த கொன்வென்ட்டின் மூலமாகத்தான் லுசேர்ண் பாடசாலையில் இடம் கிடைத்தது. ஆனால் பத்தொன்பது வயது நிரம்பாமல் எடுக்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். எனக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அது எண்பத்து மூன்றின் கடைசி. ஒரு பெண்பிள்ளையை இன்னொரு வருடம் வீட்டில் வைத்திருக்க அப்பாவுக்கு மனமில்லை, பயமும் கூட. அண்ணா அப்போது யப்பானில் கோபே நகரத்தில் புலமைப்பரிசில் பெற்றுக் கப்பல் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கு வயிற்றில் ஏழு மாதம். தங்கச்சியை இங்கே அனுப்புங்கள், யப்பானிய மொழி வகுப்பொன்றில் சேர்த்து விசா எடுக்கலாம், அண்ணிக்கும் உதவியாக இருக்கும் என்று அண்ணா எழுதினார். அப்படித்தான் மேற்கே போக வேண்டிய நான் முதலில் கிழக்கே போனேன்.

கோபே மலைக்கும் கடலுக்கும் இடையில் ஓர் இடுப்புப்பட்டிபோல நீண்டு கிடக்கும் துறைமுக நகரம். அண்ணாவின் வீடு மலைப்பக்கம், பாய் விரித்த இரண்டு சிறிய அறை. மாசி மாதம் குழந்தை பிறந்தது, பெண். காலையில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார். குழந்தைத் துணிகளைத் துவைத்து, மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் விரித்துக் காயவைப்பது என் வேலை. கிழமையில் இரண்டு பின்னேரம் மொழி வகுப்பு. மற்ற நேரமெல்லாம் ஜன்னலால் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு, எப்போது லுசேர்ண் போவேன் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அண்ணி பாண் வாங்கி வரச் சொன்னார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு பேக்கரி இருந்தது. உள்ளே போனதும் பாணுக்கு யப்பான் மொழியில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. கவுண்டரில் நின்ற பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. என்னையறியாமல் எனக்குள் "பாண்" என்று முணுமுணுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. "பான், பான்" என்று தட்டிலிருந்ததைக் காட்டினாள். இவளுக்கு எப்படித் தமிழ் தெரியும் என்று யோசித்தபடியே பாணோடு வீட்டுக்கு வந்தேன். போர்த்துக்கேயன் எங்கள் கரைக்கும் வந்தான், இவர்கள் கரைக்கும் வந்தான், இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போனான் என்று அண்ணா அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினார்.

அந்தக் கடையில் ஜேர்மன் முறையில் சுட்ட கறுப்புப் பாணும் விற்றார்கள். ஒவ்வொரு தட்டிலும் அதன் பெயர் ஜேர்மனில் எழுதியிருந்தது. இரண்டாம் தரம் போனபோது அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தேன். கவுண்டர்காரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அரைகுறை ஆங்கிலத்திலும் கையாலும் விசாரித்தாள். நான் சுவிசுக்குப் படிக்கப் போகிறவள் என்று தெரிந்ததும், மற்ற வாடிக்கையாளர்களை மறந்து, தானும் அங்கே பாண் சுடப் பழகப் போக வேண்டுமென்று இரண்டு வருடமாக நினைத்திருப்பதாகச் சொன்னாள். வானொலியில் ஒவ்வொரு காலையும் இருபது நிமிடம் ஜேர்மன் பாடம் போகிறது, நான் கடையின் பின்பக்கத்தில் மாப் பிசையும்போது கேட்கிறேன், கடை திறக்க முன்னர் நீயும் வா என்றாள்.

அடுத்த நாளே போனேன். அண்ணி குழந்தையோடு நித்திரை கொள்ளும் நேரம் அது. பின்கதவால் நுழைந்தால் வெக்கையும் புளித்த மா வாசமும் வந்து முகத்தில் அடிக்கும். முதலாளி நல்ல மனிதர். வானொலியைக் கொஞ்சம் உரத்து வைத்துவிட்டு முன்பக்கம் போய்விடுவார். அவள் கை மாவில் இருக்கும், பாடப் புத்தகத்தின் பக்கங்களை நான் புரட்டுவேன்.

என்னைவிட அவள் இரண்டு வயது மூத்தவள். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் மூத்தவளை அக்கா என்போம் என்று சொன்னேன். அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துவிட்டது. அப்படியானால் உன்னை நான் என்ன என்று கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். அன்றிலிருந்து நான் தங்கச்சி. அந்தச் சொல்லில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் அவள் வாயில் சுத்தமாக வந்தது.

ஆனால் ஜேர்மனில் பாணுக்கு உள்ள சொல் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. அது "ப்ரோட்". அவள் "ப்ளோட்" என்பாள். யப்பானியருக்கு ரகரமும் லகரமும் ஒன்றுதான். நாங்கள் அந்தக் குடும்பத்தில் ஐந்து எழுத்து வைத்திருக்கிறவர்கள். நாக்கை எங்கே வைப்பது, எங்கே தட்டுவது என்று வாயைத் திறந்து காட்டிக் காட்டி அவளுக்குப் பழக்கினேன். எனக்கிருந்த தொல்லை வேறு. கோப்பி என்று சொல்லி வளர்ந்த வாய்க்கு உதட்டைப் பல்லில் முட்டி ஊதும் எழுத்து வரவில்லை. ஜேர்மனில் எந்தப் பெண்ணையும் மரியாதையாக "ஃப்ரௌ" என்றுதான் அழைக்க வேண்டும். நான் "ப்ரௌ" என்பேன். அவளோ கோப்பியைக் கோஹீ என்கிறவள், அவளுக்கும் அது சரியாக வராது. பாண் சுடப் போகிறவளுக்குப் பாண் என்று சொல்ல வரவில்லை, நோயாளிகளைப் பார்க்கப் போகிறவளுக்கு அம்மா என்று கூப்பிட வரவில்லை. கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் இரண்டு பேரும் நின்று மாப்படிந்த கண்ணாடியில் ஊதிப் பழகினோம். யாருடைய ஊதலில் மா கூடுதலாகப் பறக்கிறதோ அவள் கெட்டிக்காரி.

பங்குனி, சித்திரை எல்லாம் அப்படிப் போயிற்று. நாட்களை எண்ணுவதை நான் எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

அக்காவின் அப்பா பொதுக் குளியல் வீடு ஒன்று நடத்தினார். எங்கள் வீட்டில் குளியலறை இல்லாததால் நாங்களும் அங்கேதான் குளித்தோம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஓர் உயர்ந்த இருக்கை, அதில் அக்காவின் அம்மா இருப்பார். முதல் நாள் நான் கிணற்றடிப் பழக்கத்தில் குறுக்குக்கட்டோடு வெந்நீர்த் தொட்டியில் இறங்கப் போனேன். அம்மா மேலிருந்து கையை ஆட்டித் தடுத்தார். அங்கே தொட்டிக்குள் துணி போகக் கூடாது. சுற்றியிருந்த கிழவிகள் வேண்டுமென்றே மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த மரியாதைக்காகவே துணியைக் கழற்றிவிட்டு இறங்கினேன். நாலைந்து நாளில் கூச்சம் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு பின்னேரமும் குளித்து முடிந்து தலை துவட்டும்போது அந்த அம்மாவோடு நாலு வார்த்தை கதைப்பது வழக்கமாயிற்று. வகுப்பில் படித்ததை அவரிடம்தான் பரீட்சித்துப் பார்ப்பேன். அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. பிழையாகச் சொன்னால் சரியான வசனத்தைத் தான் ஒருமுறை சொல்லிக்காட்டுவார், அவ்வளவுதான்.

ஆனி மாதம், மழைக்காலம். அன்றைக்கும் மழை. சுவிசுக்கு எப்போது போகிறாய் என்று கேட்டார். செப்டெம்பர் என்றேன். தனியாகவா, அங்கே தனிமையாக இருக்காதா என்று கேட்டார். அந்தக் கிழமைதான் இனி நடக்கப்போவதைச் சொல்லும் விதத்தை நான் ஒழுங்காகப் படித்திருந்தேன். "தனிமையாக இருக்காது. உங்கள் மகளும் வருவாள், நாங்கள் சேர்ந்து இருப்போம்" என்று ஒரு பிழையும் இல்லாமல் சொல்லி முடித்தேன்.

அம்மா "அப்படியா" என்றார். என் ஈரத் துவாயை வாங்கி மடித்து என் கையில் தந்தார்.

அக்கா தன் திட்டத்தை வீட்டில் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் மூலம் சுவிஸ் பேக்கரி ஒன்றுக்கு எழுதிக் கேட்டது, காசு சேர்த்தது எல்லாவற்றையும் எனக்குச் சொன்னவள் இதை மட்டும் சொல்லவில்லை. தனக்கு ஒரு தம்பி இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவன் படித்து முடிக்கும்வரை குளியல் வீட்டில் அவளுடைய கையும் தேவைப்பட்டது. இரவில் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுகிறவள் அவள்தான்.

மறுநாள் காலை பேக்கரியின் பின்கதவைத் தட்டினேன். முதலாளிதான் திறந்தார். அவள் வரவில்லை. வானொலிக்கு முன்னால் தனியே உட்கார்ந்து பாடம் கேட்டேன். மூன்று நாள் அப்படி. மூன்றாம் நாள் அண்ணாவுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது.

"அந்த மனுசிக்கு நீ என்ன சொன்னனி?" என்று கேட்டார்.

சொன்னதைச் சொன்னேன். அண்ணி குழந்தையைத் தோளில் போட்டபடி, "அவளுக்கென்ன தெரியும், பாவம். யப்பான் பாசை கதைக்கச் சொல்லி அனுப்பினது நீங்கள்தானே" என்று என் பக்கம் நின்றார்.

நாலாம் நாள் அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. வகுப்பில் சொல்லித் தந்தபடி இடுப்பை மடக்கிக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன், நிமிரவில்லை. அவள் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு ஆங்கிலமும் யப்பானியமும் ஜேர்மனும் கலந்து, தேடித் தேடிச் சொன்னாள்: "இரண்டு வருடமாக எனக்குச் சொல்லத் தெரியாததை நீ ஒரே வசனத்தில் சொல்லிவிட்டாய்." அது கோபமா நன்றியா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டும்தான் என்று வெகுகாலத்துக்குப் பிறகு சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். துணியில் கட்டிய ஒரு பெரிய வத்தகப்பழம் கையில். அவள் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். நான் தேத்தண்ணி வைத்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அண்ணாவை நேரே பார்த்து, தங்கையைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்புகிறீர்களே, பயமில்லையா என்று கேட்டார். எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, அண்ணா மெதுவாகப் பதில் சொன்னார்.

"பயம்தான். ஆனால் இவள் இந்த வீட்டில் குழந்தைத் துணி துவைத்துத் துவைத்தே இருந்துவிட்டால் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அங்கே போனால் என்ன ஆவாள் என்று தெரியாது. தெரியாததுதான் பரவாயில்லை என்று நினைத்தேன்."

அண்ணி வத்தகப்பழத்தை வெட்டிக் கொண்டுவந்து வைத்தார். அக்காவின் அப்பா ஒரு துண்டை எடுத்துத் தின்று, விதைகளைத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, சுவிஸ் பாண் கோபே பாணைவிட நல்லதா என்று கேட்டார். இன்னும் போகவில்லையே, தெரியாது என்றேன். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

முடிவு இரண்டு கிழமை கழித்து வந்தது. தம்பி உயர்பள்ளி முடிக்க இன்னும் இரண்டரை வருடம். அதுவரை பொறுத்தால், அதற்குப் பிறகு எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டேன் என்று அப்பா சொன்னாராம். அவள் ஒத்துக்கொண்டாள். என்னிடம் வந்து அதைச் சொன்னபோது அழுதாள். மாப் பிசையும் மேசையில் நாங்கள் போட்ட திட்டமெல்லாம் இருவருக்கானது. நானும் கூட அழுதேன். பிறகு வானொலியில் பாடம் தொடங்கியது, கேட்டோம்.

செப்டெம்பரில் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தாள். மேடையில் நின்று நாங்கள் இருவரும் முதல்முறையாக மற்றவர்கள் முன்னால் ஜேர்மனில் கதைத்தோம். ஒரு கறுத்தப் பெண்ணும் ஒரு யப்பான் பெண்ணும் எந்த நாட்டுப் பாசையில் இப்படி மாறி மாறிக் கும்பிட்டுக் கதைக்கிறார்கள் என்று சனம் நின்று பார்த்தது.

லுசேர்ணுக்கு வந்த பிறகு தெரிந்தது, நாங்கள் படித்த ஜேர்மனை அங்கே யாரும் வீட்டில் கதைப்பதில்லை என்று. எழுத்தில் அது இருந்தது, வகுப்பில் சிஸ்டரின் வாயில் இருந்தது. நோயாளிகள் படுத்திருக்கும் வாட்டுக்குள் போனால் எல்லாம் சுவிஸ் ஜேர்மன். மலைப்பக்கத்து விவசாயி ஒருவர் இடுப்பு முறிந்து படுத்திருந்தார். ஒருநாள் காலை தன்னுடைய "ஃபிங்கன்" எங்கே என்று கேட்டார். வானொலிப் பாடத்தில் நான் படித்த ஃபிங்கன் ஒரு சிறிய பாட்டுக் குருவி. குருவி வளர்க்கிறவர் போலும் என்று ஜன்னலைத் திறந்து மரத்தில் தேடினேன். மரத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் இடுப்பு வலியையும் மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த ஊரில் ஃபிங்கன் என்றால் வீட்டுக்குள் போடும் செருப்பு. அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. வீட்டுக்குப் போகும் நாளில் அவருடைய மனைவி எனக்குக் கம்பளி நூலில் பின்னிய ஒரு சோடி கொண்டுவந்து தந்தார்.

இதையெல்லாம் அக்காவுக்கு எழுதினேன். மாதத்துக்கு ஒரு கடிதம், ஜேர்மனில். அவளும் எழுதினாள். எங்கள் ஜேர்மனில் இங்கே ஒருவரும் கதைக்கவில்லை என்று நான் முறைப்பட்டதற்கு, அப்படியானால் அந்த மற்றதையும் படித்து எனக்காக எழுதி வை என்று பதில் வந்தது. ஒரு கொப்பி வாங்கி, ஒரு பக்கம் வானொலிச் சொல், மறுபக்கம் வாட்டுச் சொல் என்று எழுதத் தொடங்கினேன். மற்ற மாணவிகள் அதற்குச் சொற்கள் கொண்டுவந்து தந்தார்கள். முதல் நாள் பின்வரிசையிலிருந்து சிரித்தவள்தான் எல்லாரையும்விடக் கூடத் தந்தாள். பேச்சுக்கு நடுவே யப்பான் வழக்கத்தில் ஆம் என்பதற்கு "ஹாய், ஹாய்" என்று நான் தலையாட்டுவதை நிறுத்த ஒரு வருடம் பிடித்தது. குனிவதை நிறுத்தவில்லை, நோயாளிகளுக்கு அது பிடித்திருந்தது.

அந்த வருடங்களில்தான் எங்கள் ஆட்கள் சுவிசுக்கு வந்து சேரத் தொடங்கினார்கள். லுசேர்ணில் பெரும்பாலும் ஹோட்டல் குசினிகளில் வேலை. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிய ஓர் அண்ணை இருந்தார். அகதி விண்ணப்பக் கடிதங்களை வாசித்துச் சொல்ல என்னிடம் கொண்டுவருவார். எண்பத்தாறின் கடைசியில் ஒருநாள் கடிதம் இல்லாமல் வந்தார்.

"பிள்ளை, உமக்கு யப்பான் பாசை தெரியுமெண்டு சொல்லீனம். உண்மையோ?"

"ஓம் அண்ணை, கொஞ்சம் கதைப்பன்."

"எங்கடை ஹோட்டலுக்குப் பாண் கொண்டந்து தாற பேக்கரி முதலாளி ஆள் தேடுறார். யப்பான்காரர் பஸ் பஸ்ஸா வந்து இறங்குகினம், கடையிலை ஒருத்தருக்கும் அவையோடை கதைக்கத் தெரியாதாம். நீர் ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருமன்."

எனக்கு வேண்டாம், ஆனால் ஓர் ஆள் இருக்கிறது என்றேன். அன்று பின்னேரமே அந்தப் பேக்கரிக்குப் போனேன். யப்பானிய மொழியும் ஜேர்மனும் தெரிந்த, ஜேர்மன் பாண் சுடத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள் என்று சொன்னதும், முதலாளி, அவள் எங்கே என்று கடை வாசலை எட்டிப் பார்த்தார். கோபேயில் என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார், ஆனால் முகவரியை எழுதிக்கொண்டார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் வேலை அனுமதியை இரண்டு முறை மறுத்தார்கள். மூன்றாம் முறை முதலாளியே நேரில் போய், யப்பானியர் எத்தனை பேர் ஒன்றும் வாங்காமல் வெளியே போகிறார்கள் என்று ஒரு கிழமை குறித்து வைத்த தாளைக் காட்டினாராம். ஒரு வருடப் பெர்மிட் கிடைத்தது.

எண்பத்தேழின் வசந்தத்தில், தம்பி பள்ளிக்கூடம் முடித்த அடுத்த மாதம், அவள் லுசேர்ண் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். நான் என்னவெல்லாமோ சொல்ல வேண்டுமென்று நினைத்துப் போனேன். கண்டவுடன் இரண்டு பேருக்கும் எந்த மொழியும் வரவில்லை. பெட்டிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஸ்டேஷனுக்குப் பின்னால், நாலாம் மாடியில், இரண்டறை வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்காரி இவள் உனக்கு என்ன முறை என்று கேட்டார். அக்கா என்றேன். இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலணியை வெளியே கழற்றுவீர்களா என்று மட்டும் கேட்டார். அந்த விஷயத்தில் எங்கள் இரண்டு நாடும் ஒன்று என்று சொன்னேன். அவருக்கு நல்ல சந்தோஷம்.

முதல் மாதம் அவள் சந்தோஷமாக இருக்கவில்லை. முதலாளி அவளை முன்கடையிலேயே நிறுத்தி வைத்தார். பஸ் வரும், யப்பானியர் இறங்குவார்கள், அவள் புன்னகையோடு வரவேற்று, பெட்டிகளில் இனிப்புக் கட்டிக் கொடுப்பாள். இதைக் கோபேயிலேயே செய்யலாமே என்று வீட்டில் வந்து சொன்னாள். அப்படியென்றால் முதலாளியிடம் சொல் என்றேன். அவள் பயந்தாள். நான் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, "வேண்டாம், நீ ஏற்கனவே ஒருமுறை சொல்லியிருக்கிறாய்" என்றாள். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மூன்று பின்னேரம் அந்த ஒரு வசனத்தை எழுதி எழுதித் திருத்தினோம். என் கொப்பியைப் பார்த்து அதைச் சுவிஸ் ஜேர்மனிலேயே சொல்வதென்று முடிவாயிற்று. காலையில் என்னைப் பாண் சுட விட்டால் மத்தியானத்துக்குப் பிறகு கடையில் நிற்கிறேன் என்பதுதான் வசனம். அவள் அதைச் சொன்னபோது முதலாளி அவள் கேட்டதைவிட அவள் கேட்ட பாசையைக் கண்டுதான் திகைத்தாராம். சரி, திங்கட்கிழமை தொடங்கு என்று அந்தப் பாசையிலேயே சொல்லிவிட்டார். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவள் சொன்ன "ப்ரோட்" பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

இரண்டு வருடம் அந்த வீட்டில் ஒன்றாக இருந்தோம். என் வேலை நேரமும் அவள் வேலை நேரமும் சந்திப்பது குறைவு. ஞாயிறு மட்டும் முழு நாள் எங்களுடையது. நான் சோறு சமைத்து மீன்குழம்பு வைப்பேன். அந்த அண்ணையும் சில நாள் வருவார். முதல் நாள் அவர் அவளோடு கதைக்க வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். பிறகு அவளே "அண்ணை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று நான் சொல்லிக் கொடுத்தபடி கேட்டாள். கோப்பையை நீட்டியவர் போதும் என்று சொல்லவே மறந்துவிட்டார்.

எண்பத்தெட்டின் இலையுதிர் காலத்தில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு ஐரோப்பாவுக்கு வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு லுசேர்ணில் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். நான் வாட்டில் நேரம் மாற்றிக்கொண்டு போய் அக்காவோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அம்மா இறங்கியதும் என் கையைப் பிடித்து, நன்றாகப் பெருத்துவிட்டாய் என்றார். அப்பா நேரே பேக்கரிக்குப் போக வேண்டுமென்றார். மற்றவர்கள் மரப்பாலத்தில் படம் எடுக்க, நாங்கள் நால்வரும் வேகமாக நடந்தோம்.

பேக்கரியில் அப்பா முதலாளிக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். முதலாளியும் பதிலுக்குக் குனிந்தார். அப்பா இன்னும் ஆழமாகக் குனிந்தார், முதலாளி விடவில்லை. இது எங்கே முடியுமென்று தெரியாமல் நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அப்பா, மகள் அன்று காலை சுட்ட கறுப்புப் பாணில் ஒரு துண்டை வெண்ணெய் பூசாமல், வேறெதுவும் வைக்காமல், கடை வாசலில் நின்றபடி தின்றார். இன்னொரு துண்டு கேட்டார்.

பிறகு அவள் எங்கே படுக்கிறாள் என்று பார்க்க வேண்டுமென்றார். நாலு மாடியும் ஏறினோம். குளியலறைக் குழாயைத் திறந்து, வெந்நீர் வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நின்றார். திருப்தியோடு மூடினார். அம்மா சமையலறையில் எங்கள் அரிசிச் சாக்கைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மேசையில் உட்கார ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. நான் அவசரமாக ஊற்றிய தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார்கள்.

பஸ்ஸுக்குத் திரும்பும்போது நேரம் கடந்துவிட்டது. வழிகாட்டி கையில் கொடியோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஏறும் முன் மகளிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவள் "ஹாய்" என்றாள், அவ்வளவுதான். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் திரும்பும்வரை எங்களுக்குக் கையசைத்தார்.

என்ன சொன்னார் என்று கேட்டேன். அடுத்த வருடமும் பெர்மிட்டை நீட்டித் தருவார்களா என்று கேட்டாராம். அவளுக்கு அன்று பின்னேரம் கடையில் நிற்கும் முறை, எனக்கு மூன்று மணிக்கு வாட். பாலத்தடி வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அங்கிருந்து அவள் கடைப் பக்கம் போக, நான் ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடித்தேன்.